ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரு படம்: கேப்டன் லின்னேயஸ் டிரைப்பின் கதை



இந்த இதழுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேணும்னு நம்ம ஆசிரியர் குழு கேட்டப்போ கலாம் ஐயா, ராமானுஜன், டூரிங்னு எல்லாருக்கும் ஏற்கனவே ஆள் இருந்தாங்க. நான் எடுத்துக்கிட்டவர் பேரு லின்னேயஸ் டிரைப். புகைப்பட வரலாறு படிக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச பேரு. நம்மல்ல பல பேருக்குப் பேரு தெரியாட்டியும், பழைய மதுரைன்னு வாட்ஸ்அப்ல சுத்துற படங்கள்ல அவரோட கேமரா எடுத்ததை எப்பவாவது பாத்திருப்போம்.

அவரை நான் தேடிப் போனதுக்குக் காரணம் ஒரு எரர் மெசேஜ். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

போன செமஸ்டர் மினி பிராஜெக்ட் ரிவ்யூ. காலைல பத்து மணிக்கு ரிவ்யூன்னா ராத்திரி ஒரு மணிக்குப் பசுமலைல எங்க வீட்டு மாடியில உக்காந்து கடைசி டெஸ்டிங் ஓட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு எழுத்து. நாப்பது ஐம்பது வரி இருக்கும். நான் என்ன பண்ணினேன்? போனை எடுத்து, ஸ்கிரீனோட அடியில இருந்த மூணு வரியை மட்டும் ஒரு போட்டோ பிடிச்சேன். அதுலயும் நட்ட நடுவுல டியூப்லைட் வெளிச்சம். அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணினேன். எரர் போயிடுச்சு. நிம்மதியாத் தூங்கிட்டேன்.

மறுநாள் சார் முன்னாடி ஓடவிட்டதும் அதே மாதிரி நின்னுச்சு. இந்தத் தடவை ஒரு மெசேஜும் வரல, வெறும் வெள்ளை ஸ்கிரீன்தான். வெளிய ஓடி வந்து சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ராத்திரி வந்த மெசேஜை அனுப்பச் சொன்னாரு, அந்த மூணு வரிப் படத்தை அனுப்பினேன். அதுக்கு மேல இருந்தது எங்கடான்னு கேட்டாரு. எங்கிட்ட இல்ல. ரிவ்யூ போச்சு. ஒரு வாரம் கழிச்சு அந்த எரரைத் திரும்ப வரவச்சுப் பாத்தப்போதான் தெரிஞ்சது: காரணம் எழுதியிருந்தது முதல் வரியில. நான் முக்கியம்னு நினைச்சுப் பிடிச்சது கடைசி மூணு வரி.

அந்த வாரம்தான் திருமலை நாயக்கர் மகாலோட 1858-ஆம் வருஷப் படம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பெரிய பெரிய தூணு, இடிஞ்ச மேல்பகுதி, வெடிப்பு விட்ட சுவர். எதையும் மறைக்காம, எதையும் வெட்டாம, முழுசா எடுத்த படம். ஒரு பழுதை இப்படித்தான்டா பதிவு பண்ணணும்னு எனக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு. எடுத்தவர் யாருன்னு தேடிப் போனேன். இனி அவர் கதை.

டெவன்போர்ட்டிலிருந்து பெங்களூருக்கு

லின்னேயஸ் டிரைப் 1822-ல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம்; பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் பல பையன்களுக்கு இருந்த வழி கிழக்கிந்தியக் கம்பெனியின் படைதான். டிரைப்பும் பதினாறு பதினேழு வயதிலேயே அதில் சேர்ந்து, மதராஸ் படையின் 12-வது காலாட்படைப் பிரிவுக்கு வந்தார். நம்மில் பலர் பிளஸ் டூ முடிக்கிற வயது அது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்கள் தென்னிந்தியாவில் சிப்பாய் வாழ்க்கை. பிறகு விடுப்பில் ஊருக்குப் போனார். உடல்நிலை காரணமாக விடுப்பு நீண்டு 1854 வரை அங்கேயே இருந்தார். அந்த இடைவெளிதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. புகைப்படம் என்ற தொழில்நுட்பம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டே பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. இன்றைக்கு ஏஐ கத்துக்கிட்டு அலையுற மாதிரி அன்றைக்கு ஆர்வமுள்ளவர்கள் கேமராவோடு அலைந்தார்கள். லண்டனில் 1853-ல் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது டிரைப்பும் அதில் உறுப்பினரானார். டெவன்போர்ட்டின் கப்பல் துறையைப் படம் பிடித்துப் பழகினார்.

1854-ல் கேப்டன் பதவியோடு பெங்களூர் திரும்பினார். அந்த வருடக் கடைசியில் விடுமுறை கிடைத்ததும் கேமராவோடு ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போனார். மறு வருடம் மதராஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் தான் எடுத்த 68 படங்களை வைத்தார். முதல் பரிசு அவருக்கு. யாரும் சொல்லி எடுத்த படங்கள் இல்லை அவை. சொந்தக் காசு, சொந்த நேரம்.

பர்மாவில் ஒரு பரீட்சை

அந்தப் பரிசு அவரை கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வரைக்கும் கொண்டு போனது. 1855-ல் பர்மா அரசவைக்கு ஆர்தர் ஃபெய்ர் தலைமையில் ஒரு தூதுக்குழு போனது. கம்பெனி பர்மாவின் தென்பகுதியைப் போரில் பிடித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் குழுவில் எழுதுவதற்கு ஹென்றி யூல், வரைவதற்கு கோல்ஸ்வொர்தி கிரான்ட். படம் பிடிக்க டிரைப்.

ஆகஸ்ட்டில் இருந்து நவம்பர் தொடக்கம் வரை, மழைக்காலம் முழுக்க அங்கே இருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்தார். அதில் 120-ஐத் தேர்ந்தெடுத்து, பெங்களூரில் உட்கார்ந்து 50 தொகுப்புகளாக அச்சிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆறாயிரம் பிரிண்ட்! ஒவ்வொன்றும் நெகட்டிவையும் தாளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து வெயிலில் வைத்து எடுக்க வேண்டியது. இந்த வேலை 1857 வரை இழுத்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படங்களுக்கு எண் கொடுத்தார். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று தலைப்புக் கொடுத்தார். பல படங்களுக்கு, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பும் கொடுத்தார். நம்ம லேப்டாப் டெஸ்க்டாப்பைத் திறந்து பாத்தா ஸ்கிரீன்ஷாட் 1, ஸ்கிரீன்ஷாட் 2, ஸ்கிரீன்ஷாட் 2 காப்பின்னு வரிசையா நிக்கும். ரெண்டு வாரம் கழிச்சு எது எதுக்கு எடுத்ததுன்னு நமக்கே தெரியாது. டிரைப் படத்துக்கு இன்றைக்குச் சுமார் 170 வருடம் ஆகிறது. எது எங்கே எடுத்தது என்று யாரும் முழிக்க வேண்டியதில்லை.

மாட்டு வண்டியில் ஒரு டார்க் ரூம்

பர்மா வேலை பிடித்துப்போய் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பர் நடுவில் பெங்களூரில் இருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்துகொண்டிருந்த நேரம். தெற்கே ஒரு ராணுவ அதிகாரி கேமராவும் ரசாயனப் புட்டிகளும் ஏற்றிய மாட்டு வண்டிகளோடு ராயக்கோட்டை வழியாக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு 1858 ஏப்ரல் கடைசியில் மதராஸ் போய்ச் சேர்ந்தார். சுமார் நாலரை மாதத்தில் 250-க்கும் மேற்பட்ட பெரிய நெகட்டிவ்கள். அது போக, இரட்டை லென்ஸ் கேமராவில் கண்ணாடித் தகடுகளில் ஸ்டீரியோ படங்கள் தனி.

டெக்னிக்கலா ஒரு நிமிஷம் பாத்துருவோம். அவர் காலத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது சுலபமில்லை. அதனால் படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். டிரைப்பின் நெகட்டிவ்கள் கிட்டத்தட்ட 15 அங்குல அகலம். அதற்கேற்ற கேமரா என்றால் நம்ம வீட்டு ட்ரங்குப் பெட்டி மாதிரி ஒன்றைக் கற்பனை பண்ணிக்கோங்க. கண்ணாடித் தகடு என்றால் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். வெயிலில் அது நடக்கிற காரியமில்லை. அதனால் பெரிய படங்களுக்கு அவர் மெழுகு பூசிய காகிதத்தைப் பயன்படுத்தினார். முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கலாம்; எடுத்த பிறகும் உடனே கழுவ வேண்டிய அவசரம் இல்லை. ஊர் ஊராகப் போகிறவருக்குச் சரியான தேர்வு. ஆனால் மெழுகாச்சே, நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒழுங்கா நிக்குமா? ஒவ்வொரு தாளும் ஒரு போராட்டம்தான்.

இன்னொரு சிக்கல், ஒரு படம் பதிவாக நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் குறுக்கே நடந்து போகிறவர், ஓடுகிற மாடு, வண்டி எதுவுமே படத்தில் விழாது. அவருடைய மதுரைப் படங்களில் ஊரே காலியாக இருப்பது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அசையாதது மட்டும் பதிவாகும்.

நம்ம ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதே குறைதான். நின்னுபோன நிலையைக் காட்டும், எப்படி நின்னுச்சுன்னு காட்டாது. அதுக்குத்தான் இன்னைக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் இருக்கு. டிரைப்புக்கு அது இல்லை. லூமியர் சகோதரர்கள் பாரிஸில் முதல் முதலாக அசையும் படத்தைக் காசு வாங்கிக் காட்டிய 1895-ல் அவருக்கு வயது 73. அதனால் தன்னிடம் இருந்ததை வைத்தே அவர் ஒரு வழி பண்ணினார். ஒரு இடத்தை ஒரே படத்தில் முடிக்காமல் தூரத்தில் இருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து ஒன்று, வேறொரு பக்கத்தில் இருந்து ஒன்று என்று எடுத்தார். வரிசையாகப் பார்த்தால் நாமே அந்த இடத்துக்குள் நடந்து போவது போல இருக்கும்.

1858-ல் நம்ம ஊர்

மதுரையில் அவர் எடுத்தவை மட்டும் நான்கு பாகங்களாக வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள், கோயில் நகைகள், புது மண்டபத்தின் தூண் வரிசை, தெப்பக்குளம், வைகையின் குறுக்கே போட்டிருந்த தரைப்பாலம், ஊருக்கு வெளியே யானைமலை. ஒத்தக்கடைப் பக்கம் போறவங்க அந்த யானைமலைப் படத்தைப் பாத்தா ஒரு நிமிஷம் அசந்து போயிடுவாங்க. மலை அப்படியே படுத்துக் கிடக்கு. சுத்தி இருக்கிறதுதான் ஒண்ணுமே இன்னைக்கு மாதிரி இல்ல. புது மண்டபத்தை நம்மில் பலர் தையல் மெஷின் சத்தத்தோடும் பழைய புத்தக வாசத்தோடும்தான் நினைவு வைத்திருப்போம். டிரைப் படத்தில் அது வெறும் தூணும் நிழலும்.

எல்லாத்தையும் விட என்னை உட்கார வைத்தது மகால் படங்கள்தான். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதாகச் சொல்லப்படும் அரண்மனை அது. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே அதில் இருந்து நிறையப் பொருட்களைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போய்விட்டார்கள். டிரைப் வந்தபோது மிச்சம் இருந்ததும் சிதிலம். பிறகு 1866-ல் சென்னை ஆளுநராக வந்த லார்ட் நேப்பியர் காலத்தில்தான் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. இன்றைக்கு நாம் பார்ப்பது அந்தப் பழுது நீக்கிய மகாலைத்தான்.

அப்போ கவனிங்க. டிரைப் படம் எடுத்தது பழுது பார்க்கிறதுக்கு முன்னாடி. எது பழசு, எது பின்னாடி பூசினது, எந்த இடத்துல வெடிப்பு இருந்துச்சுன்னு இன்னைக்கு ஒரு பொறியாளர் தெரிஞ்சுக்கணும்னா அந்தப் படங்கள் அவர் கைல இருக்கிற ஒரு நல்ல சாட்சி. பழுதைச் சரி பண்ணினதுக்கு அப்புறம் எடுக்கிற படம் அழகா இருக்கும். ஆனா பழுது என்னன்னு சொல்லாது.

அவர் எடுத்த இன்னொரு படம் நம்ம விளக்குத்தூண். 1834-ல் இருந்து 1847 வரை மதுரையில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது அது. அந்தப் பிளாக்பர்ன்தான் மதுரைக் கோட்டையை இடித்தவர். மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரைப் பெரிதாக்கினார். இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களில் இன்னும் இருக்கிறார்கள். கோட்டை? பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு துண்டு நிக்குது, அவ்வளவுதான்.

டிரைப் கொஞ்ச வருடம் முன்னால் வந்திருந்தால் கோட்டை அவர் கேமராவில் விழுந்திருக்கும். அவர் வந்தபோது அதை இடித்தவருக்கு வைத்த தூண்தான் இருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். நான் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தின அந்த ராத்திரியை நினைச்சுப் பாத்தேன். இடிக்கிறது தப்பா சரியான்னு நான் இங்க பேச வரல. ஊர் வளர வேண்டியதும்தான். ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் இருந்திருக்கலாமேன்னு மனசு அடிச்சுக்குது.

பத்தொன்பது அடி ஸ்கிரீன்ஷாட்

மதுரை முடித்து, புதுக்கோட்டை வழியாக டிரைப் தஞ்சாவூர் போனார். பெரிய கோயிலில் அவர் செய்த வேலைக்காகவே அவரைப் பற்றி எழுதலாம்.

கோயிலின் விமானத்தைத் தாங்கும் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. வரி வரியாக, சுவர் நீளத்துக்கு. அதை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. தூரத்தில் நின்றால் எழுத்து தெரியாது, பக்கத்தில் போனால் ஒரு துண்டுதான் வரும். டிரைப் கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து, துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினார். சுருட்டி வைக்கிற மாதிரி ஒரே நீளப் படம், சுமார் 19 அடி. நம்ம போன்ல மூணு விரலை இழுத்து ஸ்க்ரோலிங் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோமே, அதேதான். அவர் பண்ணினது 1858-ல், மெழுகுத் தாளில், பங்குனி சித்திரை வெயிலில்.

ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தூரம் மாறினால் எழுத்தின் அளவு மாறிவிடும். வெளிச்சம் மாறினால் ஒட்டிய இடம் பல்லை இளிக்கும். ஒரு தாள் கெட்டாலும் நடுவில் ஓட்டை. இது அத்தனையும் சமாளித்து முடித்திருக்கிறார்.

அவர் படித்துப் புரிந்துகொண்டு எடுத்த எழுத்து இல்லை அது. அது என்ன சொல்கிறது என்று கற்றறிந்தவர்களே இன்னும் முழுசாகப் படித்து முடிக்காத காலம். சுமார் முப்பது வருடம் கழித்து, ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்து, 1891-ல் இருந்து தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சிட்டார். அந்தக் கோயிலைக் கட்டியவர் ராஜராஜ சோழன் என்று வரலாறு சந்தேகமில்லாமல் சொல்வதற்கு அந்தக் கல்வெட்டுகள்தான் ஆதாரம். ஹுல்ஷ் நேராகக் கல்லில் இருந்துதான் வேலை செய்தார், டிரைப் படத்தை நம்பி இல்லை. கல் பத்திரமாக இருந்தது நம் அதிர்ஷ்டம்.

ஆனா டிரைப் பண்ணின காரியத்தை மறுபடி யோசிங்க. புரியாத ஒண்ணை அவர் முழுசா எடுத்தார். எந்த வரி முக்கியம், எந்த வரி வேண்டாம்னு தீர்மானிக்கிற தகுதி தனக்கு இல்லைன்னு தெரிஞ்ச மனுஷன் அப்படித்தான் எடுப்பார். நானும் அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் புரியாமத்தான் உக்காந்திருந்தேன். ஆனா கடைசி மூணு வரி போதும்னு நானே தீர்மானிச்சேன்.

அமராவதிக் கற்களும் வானத்து மேகமும்

மதராஸ் போய்ச் சேர்ந்த டிரைப்புக்கு உடனே அடுத்த வேலை. 1845-ல் வால்டர் எலியட் அமராவதி ஸ்தூபத்தில் இருந்து தோண்டியெடுத்து அனுப்பிய பௌத்தச் சிற்பங்கள் பல வருடமாக மதராஸில் கவனிப்பார் இல்லாமல் கிடந்தன. 1858 கோடையில் டிரைப் அவற்றைப் படம் எடுத்து 75 படங்களாகத் தொகுத்தார். உடைந்த துண்டுகளையும் விடவில்லை. மறு வருடமே அந்தக் கற்களில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பல் ஏறியது. இன்றைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நம்ம மண்ணை விட்டுப் போகும் முன் அவை எந்த நிலையில் இருந்தன என்பதற்கு டிரைப்பின் படங்கள் சாட்சி. அவரை வேலைக்கு வைத்தது கம்பெனி. படமெடுக்க வைத்த அதே ஆட்சிதான் கப்பலில் ஏற்றவும் செய்தது. அதையும் சேர்த்துத்தான் அவர் கதையைச் சொல்லணும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. டிரைப் தன் படங்களில் கை வைத்திருக்கிறார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் ரொம்பச் சீக்கிரம் பதிவாகிவிடும். கட்டடம் சரியாக வரும்வரை காத்திருந்தால் வானம் அளவுக்கு மீறி வெளுத்துப் போகும். அந்த வெற்று வானம் பிடிக்காமல், நெகட்டிவ் மேல் சாயம் தொட்டு மேகம் வரைந்தார். சில இடங்களில் மரத்து இலைகளையும் திருத்தினார். அவர் படங்களில் அழகழகாக மிதக்கிற மேகங்களில் பல அவர் தூரிகையில் பிறந்தவை.

இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நாமளும் ஸ்கிரீன்ஷாட்ல சிவப்பு வட்டம் போடுறோம், அம்புக்குறி போடுறோம். பாஸ்வேர்டு, ஓடிபி, அடுத்தவங்க போன் நம்பர் இருந்தா கருப்படிச்சே ஆகணும். தொடுறது தப்பில்லை. எங்க தொடுறோம்ங்கிறதுதான் கேள்வி. ஒரே வித்தியாசம், நம்மகிட்ட காப்பி எடுக்கிற வசதி இருக்கு. ஒரிஜினலைத் தொடாம வச்சுட்டுக் காப்பியில வட்டம் போடலாம். டிரைப்புக்கு ஒரே நெகட்டிவ்தான். இன்றைக்கு அவர் படத்தைப் பார்த்து அன்றைய வானிலை என்ன என்று யாராவது கணக்குப் போட்டால் ஏமாந்து போவார்கள்.

எதுக்குய்யா இந்தச் செலவு?

1859-ல் மதராஸுக்கு சார்லஸ் டிரெவல்யன் புது ஆளுநராக வந்தார். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காய்ந்து கிடந்தது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தவர் கண்ணில் புகைப்படப் பிரிவு பட்டது. அரசாங்கத்துக்கு இது ஒரு ஆடம்பரம் என்று அவருக்குத் தோன்றியது. நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்.

டிரைப்பிடம் இன்னும் செய்ய வேண்டிய வேலைகளுக்குத் திட்டம் இருந்தது, கையில் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். 1860-உடன் கடை மூடியாச்சு. வேடிக்கை என்னன்னா, அதே 1860-ல் டிரெவல்யனையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால் நிறுத்திய வேலை நிறுத்தியதுதான்.

அப்போது டிரைப்புக்கு வயது 38. அதற்குப் பிறகு 42 வருடம் உயிரோடு இருந்தார். படையில் தொடர்ந்தார், பதவி உயர்ந்தது, எழுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்று டெவன்போர்ட்டுக்கே திரும்பினார். இடையில் மறுபடி பர்மாவில் இருந்தபோது எடுத்த சில படங்கள் தவிர கேமராவை அவர் பெரிதாகத் தொடவில்லை. 1902 மார்ச்சில், 80 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்தார். முழு வாழ்க்கையில் அவர் மும்முரமாகப் படமெடுத்த காலம் ஏழு எட்டு வருடம்தான். நம்ம பள்ளிக்கூடத்துல ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் இருக்கிற காலம்.

நூறு வருடத்துக்கு மேல் அவர் படங்கள் நூலகங்களில் கட்டி வைத்த தொகுப்புகளாகத் தூங்கின. பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று ஊர்களின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய இந்திய, பர்மியப் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று நிறுத்திய வேலையைத்தான் உலகம் வந்து பார்த்தது.

பசுமலையிலிருந்து பார்த்தால்

சாயங்காலம் எங்க வீட்டு மாடியில நின்னா ஒரு பக்கம் திருப்பரங்குன்றம் மலை, இன்னொரு பக்கம் விளக்குப் போட ஆரம்பிக்கிற மதுரை. டிரைப் இதையெல்லாம் கடந்து போய் 160 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் மெழுகுத் தாள்ல பிடிச்சது இருக்கு. அவருக்கு முன்னாடி இடிஞ்சது இல்ல. அவரை நிறுத்தினதுக்கு அப்புறம் அவர் எடுக்காமப் போனது என்னென்னன்னு கணக்கே கிடையாது.

அவர் கதை படிச்சதுக்கு அப்புறம் நான் என் பழக்கத்துல ரெண்டு மூணு விஷயம் மாத்திக்கிட்டேன். உங்களுக்கும் உதவும்னு சொல்றேன். எரர் வந்ததும் கை தானா ரீஸ்டார்ட்டுக்குப் போகும். அதைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துறேன். போன் கேமராவை எடுக்காம, விண்டோஸ், பிரிண்ட் ஸ்கிரீன் ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி முழு ஸ்கிரீனையும் எடுக்கிறேன். அடியில ஓடுற நேரமும் தேதியும் சேர்ந்து விழணும். எழுத்து நீளமா இருந்தா மேல இருந்து கீழ வரைக்கும் துண்டு துண்டா, ஒரு துண்டோட கடைசி வரி அடுத்த துண்டுல முதல் வரியா வர்ற மாதிரி எடுக்கிறேன். முடிஞ்சா அந்த எழுத்தைக் காப்பி பண்ணி ஒரு நோட்பேட் ஃபைல்லயும் போட்டுடுறேன், பின்னாடி தேடுறதுக்கு ஆகும். திரும்பத் திரும்ப வர்ற பிரச்சினைன்னா ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, எரர் வர்றதுக்கு முன்னாடி எந்த பட்டனை அழுத்தினேங்கிறதுல இருந்து பிடிக்கிறேன். ஃபைல் பேர்ல தேதியும், என்ன பண்ணிக்கிட்டிருந்தேங்கிறதும்.

இதுல ஒண்ணுகூடப் பெரிய டெக்னாலஜி இல்ல. எல்லாம் சேர்ந்து ரெண்டு நிமிஷ வேலை. டிரைப் ஒரு தாளைத் தயார் பண்றதுக்கே அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் ஆகியிருக்கும்.

போன வாரம் எங்க கிளாஸ் ஜூனியர் பொண்ணு ஒருத்தி லேப்ல இருந்து ஒரு எரர் அனுப்பியிருந்தா. தலை முதல் கால் வரைக்கும் அஞ்சு படம், வரிசையா நம்பர் போட்டு. அவளுக்கு அது என்னன்னு புரியல. எனக்கும் புரியல. சீனியர் அண்ணனுக்கு அப்படியே அனுப்பி வச்சேன். அவர் முதல் படத்தோட ரெண்டாவது வரியைப் பாத்துட்டு, பஸ்ல வீட்டுக்குப் போய்க்கிட்டே பதில் போட்டுட்டாரு.

அடுத்த இதழ்ல சந்திப்போம், மக்களே!